கென்ட் ஸ்டேட் பொதுவெளி: சாட்சியாக நின்ற நிலம்

பல்கலைக்கழகம் ஒன்றின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அதன் கட்டடங்களிலிருந்தே தொடங்குவர். எந்த மண்டபம் எந்த ஆண்டில் திறக்கப்பட்டது, அடிக்கல் நாட்டியவர் யார், எவருடைய பெயர் சூட்டப்பட்டது என்று அந்த வரலாறு நீளும். கட்டடங்களுக்கு நடுவே கிடக்கும் வெறும் நிலத்தைப் பற்றி எழுதுவோர் அரிது. மாணவர்கள் விரிவுரைக்குக் குறுக்கு வழியாக நடப்பதும், மரநிழலில் அமர்ந்து பேசிப் பொழுது போக்குவதும், கோபம் வந்தால் கூடிக் கோஷம் எழுப்புவதும் அங்கேதான். ஆயினும் அந்த நிலத்துக்கு அடிக்கல்லும் இல்லை, திறப்புவிழாவும் இல்லை.

அத்தகைய நிலம் ஒன்றைப் பற்றியதே இக்கட்டுரை. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்திலுள்ள கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் நடுவே 'கொமன்ஸ்' என்றழைக்கப்படும் பொதுவெளி உண்டு. 1970 மே 4ஆம் திகதி நண்பகல், அந்தப் பொதுவெளியில் கூடிய மாணவர்களைக் கலைக்கச் சென்ற ஒஹையோ தேசியக் காவற்படையினர், அதையொட்டிய குன்றின் மேல் நின்று சுட்டதில் நான்கு மாணவர்கள் உயிரிழந்தனர். ஒன்பது பேர் காயமடைந்தனர். அந்தச் சம்பவத்தைப் பற்றி ஏராளமான நூல்கள் வெளிவந்துவிட்டன. நான் எழுத விழைவது அதற்குப் பின்னர் அந்த நிலத்துக்கு நேர்ந்ததைப் பற்றி. அங்கே கட்டடம் எழுப்புவதா, சிலை வைப்பதா, தூபி நிறுவுவதா, வாகனம் நிறுத்துவதா என்ற கேள்விகள் ஐந்து தசாப்தங்களாக அந்தப் பல்கலைக்கழகத்தைத் துரத்தின. அவற்றுக்கு அளிக்கப்பட்ட ஒவ்வொரு விடையும், நடந்ததை எவ்வளவு தூரம் நினைவில் வைத்திருக்கச் சித்தமாயிருக்கிறோம் என்பதற்கான விடையாகவே அமைந்தது.

பத்திரிகைத் தொழிலில் நீண்ட காலம் உழன்றவன் என்ற வகையில் ஒன்றைச் சொல்ல முடியும். மோதல் ஒன்றைப் பற்றிச் செய்தி எழுதும்போது 'யார்', 'ஏன்' என்ற கேள்விகளுக்கு ஒவ்வொரு தரப்பும் ஒவ்வொரு விடை சொல்லும். 'எங்கே' என்ற கேள்விக்கு மட்டும் நிலமே விடை சொல்லும். சுட்டவர் நின்ற இடத்துக்கும் வீழ்ந்தவர் கிடந்த இடத்துக்கும் இடையே எத்தனை அடி என்று அளந்து பார்த்தால், அறிக்கைகள் சொல்வதில் எது நிற்கும், எது விழும் என்பது தெரிந்துவிடும். கென்ட் ஸ்டேட் நிலத்தைச் சுற்றி நடந்த சர்ச்சைகளின் அடிவேர் இதுதான்.

நிலத்தின் கிடக்கை

முதலில் அந்த இடத்தின் அமைப்பை விளங்கிக்கொள்வது அவசியம். பொதுவெளி என்பது சரிவுகளால் சூழப்பட்ட புல்வெளி. அதன் ஓரத்தில் 'வெற்றி மணி' ஒன்று தாழ்வான செங்கல் மேடையில் பொருத்தப்பட்டிருக்கும். காற்பந்தாட்டத்தில் தமது அணி வென்றால் மாணவர்கள் அடித்து மகிழும் மணி அது. பின்னாளில் போராட்டக் கூட்டங்களுக்கு ஆட்களை அழைக்கவும் அதே மணி பயன்பட்டது.

மணிக்கு அப்பால் நிலம் உயர்ந்து ஒரு குன்றாகிறது. அதற்குப் 'போர்வைக் குன்று' என்று பெயர். இளவேனிற் காலத்தில் மாணவர்கள் போர்வையை விரித்து, சோடி சோடியாக அமர்ந்திருப்பதால் வந்த பெயர். குன்றின் உச்சியில் ரெய்லர் மண்டபம் நிற்கிறது. கட்டடக்கலையும் இதழியலும் அக்காலத்தில் அந்த மண்டபத்திலேயே கற்பிக்கப்பட்டன. மண்டபத்தின் ஒரு மூலைக்கு அருகே கொங்கிறீட்டாலான சிறு குடை மண்டபம் ஒன்று உண்டு. அதைப் 'பகோடா' என்பர். குன்றின் மறுபுறம் இறங்கினால் ஒரு பக்கம் பிரென்டிஸ் மண்டப விடுதியின் வாகனத் தரிப்பிடம். இன்னொரு பக்கம், கம்பிவலை வேலியிட்ட காற்பந்துப் பயிற்சி மைதானம். புல்வெளி, குன்று, பகோடா, பயிற்சி மைதானம், வாகனத் தரிப்பிடம் ஆகிய இந்த ஐந்தையும் வாசகர்கள் மனதில் பதித்துக்கொண்டால் பின்னர் சொல்லப்போவது எளிதில் விளங்கும்.

பதின்மூன்று வினாடிகள்

1970 ஏப்ரல் 30ஆம் திகதி ஜனாதிபதி றிச்சர்ட் நிக்ஸன் தொலைக்காட்சியில் தோன்றி, அமெரிக்கப் படைகள் கம்போடியாவுக்குள் நுழைவதை அறிவித்தார். வியட்நாம் போர் முடிவுக்கு வரும் என்று எதிர்பார்த்திருந்த மாணவர்களுக்கு அது பேரிடியாயிற்று. மறுநாள் கென்ட் ஸ்டேட் பொதுவெளியில் கண்டனக் கூட்டம் நடந்தது. அன்றிரவு நகரில் கடைகளின் கண்ணாடிகள் உடைக்கப்பட்டன. மே 2ஆம் திகதி இரவு, பொதுவெளியின் ஓரத்தில் நின்ற இராணுவப் பயிற்சித் திட்டக் கட்டடம் தீக்கிரையானது. நகர மேயரின் வேண்டுகோளின்படி ஆளுநர் ஜேம்ஸ் றோட்ஸின் உத்தரவில் தேசியக் காவற்படையினர் வளாகத்துக்குள் வந்து சேர்ந்தனர்.

மே 4 திங்கட்கிழமை நண்பகலுக்கு ஏற்கெனவே அறிவிக்கப்பட்டிருந்த கூட்டம் தடைசெய்யப்பட்டது. தடையை அறிந்தோரும் அறியாதோருமாக மாணவர்கள் வெற்றி மணியைச் சுற்றித் திரண்டனர். சரிவுகளில் நின்று வேடிக்கை பார்த்தோரையும் சேர்த்தால் சுமார் 3,000 பேர். கலைந்து செல்லுமாறு ஒலிபெருக்கியில் கட்டளை பிறந்தது. கூட்டம் கலையவில்லை. கண்ணீர்ப்புகை வீசப்பட்டது. பின்னர் துப்பாக்கி முனைகளில் கத்தி பொருத்திய காவற்படையினர் புல்வெளியைக் கடந்து குன்றில் ஏறினர். மாணவர்கள் பின்வாங்கிக் குன்றின் மறுபுறம் இறங்கினர். துரத்திச் சென்ற படையினர் வேலியிட்ட பயிற்சி மைதானத்துக்குள் புகுந்து, மேலே செல்ல வழியின்றி ஏறத்தாழப் பத்து நிமிடம் அங்கே நின்றனர். கற்கள் வீசப்பட்டன. கண்ணீர்ப்புகைக் குண்டுகள் எறியப்பட்டன. அவற்றைச் சிலர் திருப்பியும் எறிந்தனர். அதன் பின்னர் படையினர் வந்த வழியே திரும்பிக் குன்றின் மேல் ஏறினர்.

பகோடாவை அடைந்ததும் திடீரெனத் திரும்பிச் சுட்டனர். நேரம் நண்பகல் 12.24. அங்கிருந்த எழுபதுக்கு மேற்பட்ட படையினரில் 28 பேர் 13 வினாடிகளில் 61 முதல் 67 வரையான வேட்டுக்களைத் தீர்த்தனர் என்பது பின்னர் கணக்கிடப்பட்டது.

ஜெப்ரி மில்லர், அலிசன் க்ரோஸ், வில்லியம் ஷ்ரோடர், சான்ட்ரா ஷோயர் ஆகிய நால்வரும் மாண்டனர். இவர்களுள் ஷோயர் ஆர்ப்பாட்டத்தில் கலந்துகொள்ளாதவர், விரிவுரைக்குச் சென்றுகொண்டிருந்தவர். ஷ்ரோடரோ அந்த இராணுவப் பயிற்சித் திட்டத்திலேயே சேர்ந்திருந்த மாணவர். காயமுற்றவர்களில் டீன் கேலர் முள்ளந்தண்டில் குண்டு பாய்ந்து இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார்.

தமது உயிருக்கு ஆபத்து நேர்ந்ததாலேயே சுட்டதாகப் படையினர் கூறினர். இங்கேதான் நிலம் பேசத் தொடங்குகிறது. மாண்ட நால்வரில் மிக அருகில் நின்ற மில்லர், படையினரிடமிருந்து ஏறத்தாழ 270 அடி தூரத்தில் இருந்தார். ஷோயரும் ஷ்ரோடரும் 390 அடிக்கு அப்பால். காயமடைந்தவர்களிலும் மிக அருகில் நின்றவருக்கும் படையினருக்கும் இடையே சுமார் 60 அடி இருந்தது. இத்தூரங்களை அறிந்தபின் அந்தக் கூற்றை ஏற்பது எளிதன்று. வில்லியம் ஸ்கிரான்டன் தலைமையிலான ஜனாதிபதி விசாரணைக்குழு அதே ஆண்டில் வெளியிட்ட அறிக்கையில், கண்மூடித்தனமான இந்தச் சூட்டுக்கு அவசியமோ நியாயமோ மன்னிப்போ இல்லை என்ற முடிவுக்கு வந்தமை குறிப்பிடத்தக்கது.

ரெய்லர் மண்டபத்தின் அருகே டொன் ட்ரம் என்ற சிற்பி 1967இல் அமைத்த உருக்குச் சிற்பம் ஒன்று நிற்கிறது. மே 4 அன்று ஒரு குண்டு அதைத் துளைத்துச் சென்றது. அந்தத் துளை அடைக்கப்படாமல் அப்படியே விடப்பட்டது. அந்த நிலத்தில் திட்டமிடாமல் அமைந்த முதல் நினைவுச் சின்னம் அதுவே எனலாம்.

கூடார நகரம்

முதல் சில ஆண்டுகள் பல்கலைக்கழகம் ஆண்டுதோறும் நினைவு நிகழ்வை நடத்தியது. 1971இல் யூத மாணவர் அமைப்பு ஒன்று தரிப்பிடத்தில் நிறுவிய உலோகப் பெயர்ப்பலகை சேதப்படுத்தப்பட்டுக் காணாமற் போயிற்று. விரிவுரையாளர்கள் தமது பணத்தில் 1975இல் அங்கே கருங்கற் பலகை ஒன்றை நாட்டினர். அதே ஆண்டில், ஐந்தாண்டு நினைவுகூர்ந்தது போதும் என்று நிர்வாகம் கைவிரித்தது. அதன்பின் மாணவர்களே 'மே 4 செயலணி' என்ற பெயரில் ஓர் அமைப்பை உருவாக்கி அப்பணியைத் தம் தோளில் ஏற்றனர்.

இந்தச் சூழ்நிலையிலேயே பெரும் சர்ச்சை வெடித்தது. குன்றின் மறுபுறத்தில், பயிற்சி மைதானத்தின் ஒரு பகுதியை உள்ளடக்கி, உடற்பயிற்சிக் கூடத்துக்கான புதிய கட்டடம் ஒன்றை எழுப்ப நிர்வாகச் சபை 1976 நொவெம்பரில் தீர்மானித்தது. நிர்வாகத்தின் வாதத்தைப் புறந்தள்ளிவிட முடியாது. உடற்கல்வித் துறைக்கு இடம் போதவில்லை என்பது உண்மை. பழைய உடற்பயிற்சிக் கூடத்துடன் இணைந்தாற்போல் கட்டுவதே வசதி. ஆயிரக்கணக்கானோர் படிக்கும் வளாகத்தில் ஒரு துயர நாளின் பெயரால் நிலத்தை எக்காலமும் முடக்கி வைப்பது எவ்வாறு என்றும் கேட்டனர். சுடப்பட்டவர்கள் வீழ்ந்த இடங்களைக் கட்டடம் தொடவில்லை என்றும் சுட்டிக்காட்டினர்.

எதிர்த்தவர்கள் சொன்ன விடை எளிமையானது. படையினர் எங்கே நின்றனர், எங்கிருந்து திரும்பினர், அவர்கள் குன்றேறிய சரிவு எவ்வளவு செங்குத்தானது, வேலிக்கும் தரிப்பிடத்துக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பவையெல்லாம் அந்த மைதானத்தில்தான் எழுதப்பட்டுள்ளன. சரிவை வெட்டிக் கட்டடம் எழுப்பினால், பின்னால் வருபவர் எவரும் படையினர் நடந்த பாதையை நடந்து பார்க்க இயலாது.

இவ்வாதத்தின் வலிமை அப்போதைய வழக்குகளை நோக்கினால் தெளிவாகும். 1974இல் படையினர் எண்மர் மீதான குற்றவியல் வழக்கில், போதிய சான்று இல்லையெனக் கூறி நீதிபதி அவர்களை விடுவித்தார். பெற்றோரும் காயமுற்றோரும் ஆளுநர் மீதும் படையினர் மீதும் தொடுத்த நட்டஈட்டு வழக்கில் 1975இல் ஜூரிகள் பிரதிவாதிகளின் பக்கமே தீர்ப்பளித்தனர். ஜூரிகளில் ஒருவர் மிரட்டப்பட்ட விடயம் முறையாகக் கையாளப்படவில்லை என்ற காரணத்தால் 1977இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை ஒதுக்கி மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. ஆக, கட்டடத்துக்கு நிலம் வெட்டப்படவிருந்த அதே ஆண்டில், அந்நிலம் நீதிமன்றத்தில் முடிவுறாத வழக்கொன்றின் தடயமாகவும் இருந்தது.

1977 மே 12ஆம் திகதி மாணவர்கள் போர்வைக் குன்றில் கூடாரங்களை அமைத்துத் தங்கத் தொடங்கினர். 'கூடார நகரம்' என்று அதற்குப் பெயர் வந்தது. 62 நாட்கள் வெயிலிலும் மழையிலும் அங்கே கிடந்தனர். நீதிமன்ற உத்தரவின் பேரில் ஜூலை 12ஆம் திகதி பொலிஸார் வந்தபோது அவர்கள் கைகளைக் கோத்துக்கொண்டு குன்றில் அமர்ந்திருந்தனர். 193 பேர் கைதாகினர். அவர்களுள் சான்ட்ரா ஷோயரின் தாயும் தந்தையும் அடங்குவர். மகள் கொல்லப்பட்ட நிலத்தைக் காக்க முனைந்த குற்றத்துக்காகப் பெற்றோர் கைதானார்கள் என்ற செய்தியை எந்தப் பத்திரிகையும் விரித்து எழுத வேண்டியிருந்திராது. அந்த ஒரு வரியே போதுமானது.

செப்டெம்பரில் நிலம் வெட்டப்பட்டது. கட்டடம் எழுந்தது. சரிவின் ஒரு பகுதியும் மைதானத்தின் ஒரு பகுதியும் அதற்குள் மறைந்தன. வழக்கு 1979 ஜனவரியில் சமரசத்தில் முடிந்தது. ஒஹையோ மாநிலம் மொத்தமாக 675,000 டொலர் வழங்கியது. அதில் கேலருக்கு 350,000. பிள்ளையை இழந்த குடும்பங்களுக்குத் தலா 15,000. பிரதிவாதிகள் 28 பேரும் வருத்தம் தெரிவிக்கும் கூற்றொன்றில் ஒப்பமிட்டனர். நிலத்தை நேரில் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல இன்னொரு ஜூரி சபை கூடவேயில்லை.

வரவேற்கப்படாத சிற்பம்

கட்டடப் பிரச்சினை சூடாறுவதற்குள் இன்னொன்று. கிளீவ்லன்டைச் சேர்ந்த கலை நிதியம் ஒன்று, மே 4இன் நினைவாகச் சிற்பமொன்றை ஆக்கித் தருமாறு ஜோர்ஜ் சீகல் என்ற புகழ்பெற்ற சிற்பியை வேண்டியது. 1978இல் அவர் பைபிளின் ஆபிரகாம், ஈசாக்கு கதையை எடுத்துக்கொண்டார். கையில் கத்தியுடன் தந்தை. எதிரே கட்டுண்டு முழந்தாளிட்ட மகன். மூத்த தலைமுறை தனது கொள்கையின் பெயரால் இளைய தலைமுறையைப் பலியிடத் துணிந்தது என்ற பொருள் அதில் வெளிப்படை.

வன்முறையைத் தூண்டக்கூடியது என்று கூறிப் பல்கலைக்கழகம் அதனை ஏற்க மறுத்தது. பைபிள் கதையின் முடிவில் கத்தி தடுக்கப்படுகிறது என்பதை எண்ணும்போது இந்தக் காரணம் வியப்பளிக்கிறது. கென்டில் கத்தியைத் தடுக்க எவரும் வரவில்லை என்பதுதான் உண்மையில் உறுத்தியிருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் அச்சிற்பத்தை ஏற்றுத் தனது தேவாலயத்துக்கு அருகில் நிறுவியது. கென்டுக்காகச் செய்யப்பட்ட சின்னத்தைப் பார்க்க வேண்டுமானால் நியூ ஜேர்சி மாநிலத்துக்குச் செல்ல வேண்டியதாயிற்று.

போட்டியும் தூபியும்

1980களின் நடுப்பகுதியில் நிர்வாகம் தானே முன்வந்து தேசிய அளவில் வடிவமைப்புப் போட்டி ஒன்றை அறிவித்தது. 1986இல் முதற்பரிசு பெற்ற இயன் ரபேர்னர் கனேடியப் பிரஜை என்பது பின்னர் தெரியவந்ததால் விதிப்படி அவர் விலக்கப்பட்டார். இரண்டாமிடம் பெற்ற சிக்காகோ கட்டடக் கலைஞர் புரூனோ அஸ்ற்றின் வடிவம் தெரிவாயிற்று. போரில் மாண்ட சிப்பாய்களுக்கு உரிய மரியாதையைக் கலகக்காரருக்கு வழங்குவதா என்று முன்னாள் படைவீரர் தரப்பிலிருந்து எதிர்ப்பு எழுந்தது. பணமும் சேரவில்லை. வடிவம் பெருமளவு சுருக்கப்பட்டது.

1990 மே 4ஆம் திகதி திறக்கப்பட்ட அந்த நினைவிடம், பொதுவெளியைப் பார்த்தபடி ரெய்லர் மண்டபத்துக்கு அருகே மரங்களிடையே அமைந்துள்ளது. 70 அடி அகலக் கருங்கல் தளம். அதிலிருந்து குன்றை நோக்கிச் செல்லும் வரிசையில் நான்கு கற்தூண்கள். வாசலில் மூன்று வினைச்சொற்கள் மட்டும் பொறிக்கப்பட்டன: வினவு, கற்றுக்கொள், சிந்தி. சரிவில் 58,175 டஃபடில் மலர்க் கிழங்குகள் நடப்பட்டன. வியட்நாம் போரில் உயிரிழந்த அமெரிக்கரின் எண்ணிக்கை அது. ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் மாத அளவில் அச்சரிவு மஞ்சளாகிவிடும். திறப்புவிழாவில் ஆளுநர் றிச்சர்ட் செலஸ்ற், மாண்டவர்களின் குடும்பத்தினரிடம் மன்னிப்புக் கோரினார். இருபது ஆண்டுகளுக்குப் பின்னர் ஆளுநர் பதவியிலிருந்த ஒருவரின் வாயிலிருந்து வந்த மன்னிப்பு அது.

ஆயினும் குறை இருந்தது. திறக்கப்பட்ட நினைவிடத்தில் மாண்ட நால்வரின் பெயர்கள் இருக்கவில்லை. பெயர்ப்பலகை பின்னரே சேர்க்கப்பட்டது. அழகான கருங்கல், ஆழ்ந்த அமைதி, 58,175 மலர்கள். இவை யாவும் இருந்தும், சுட்டவர் யார், சுடப்பட்டவர் யார், எங்கே என்பதை வந்து பார்ப்பவர் அங்கே அறிய வழியில்லை. வினவு என்று சொல்லிவிட்டு, வினவுவதற்கு வேண்டிய விவரத்தை விட்டுவிட்டனர்.

நான்கு தரிப்பிடங்கள்

அந்த விவரம் இருந்த இடம் வேறு. மே 4ஆம் திகதிக்கு முந்திய இரவில் மெழுகுவர்த்தி ஏந்தி வளாகத்தைச் சுற்றி நடப்பதும், பின்னர் நால்வரும் வீழ்ந்த நான்கு இடங்களில் முறைவைத்து மறுநாள் நண்பகல் வரை மௌனமாக நிற்பதும் 1971 முதல் தொடரும் வழக்கம். இந்த வழக்கத்தைத் தொடக்கி வைத்தவர் சம்பவத்தை நேரில் கண்ட சமூகவியல் பேராசிரியர் ஜெரி லூயிஸ். அந்த நான்கு இடங்களும் வாகனத் தரிப்பிடத்திலும் அதையொட்டியும் இருந்தன. ஆண்டில் ஓரிரவு மெழுகுவர்த்தி. மற்ற நாட்களில் அங்கே கார்கள் நின்றன. ஒரு மாணவி உயிர்விட்ட இடத்தின் மேல் எண்ணெய்க் கறையும் சக்கர அடையாளமும்.

அந்த இடங்களில் வாகனம் நிறுத்துவதைத் தடைசெய்யுமாறு மே 4 செயலணி மாணவர்கள் தொடர்ந்து வேண்டினர். பெற்றோரும் வேண்டினர். 1999இல் பல்கலைக்கழகத் தலைவர் கரல் கார்ட்ரைட் அதற்கு இணங்கினார். நான்கு இடங்களும் நிரந்தரமாக ஒதுக்கப்பட்டன. ஒவ்வொன்றையும் சுற்றி இடுப்பளவு உயர விளக்குத் தூண்கள் நாட்டப்பட்டு, தரையில் பெயர் பொறித்த கல் பதிக்கப்பட்டது. சுற்றிலும் கார்கள் வழமைபோல் நிற்கும். நடுவே ஒரு கார் நிற்கக்கூடிய வெற்றிடம் ஒன்று விளக்குகளோடு காத்திருக்கும்.

கென்ட் ஸ்டேட் நிலத்தில் செய்யப்பட்ட மாற்றங்களுள் மிகச் சிறியது இதுவே, மிகப் பயனுள்ளதும் இதுவே என்பது என் எண்ணம். பெரிய சிற்பி எவரும் இதற்குத் தேவைப்படவில்லை. பகோடாவின் அருகில் நின்று இந்த விளக்குகளைப் பார்க்கும் எவருக்கும் தூரம் விளங்கிவிடும். 390 அடி என்று காகிதத்தில் வாசிப்பது ஒன்று. குன்றின் மேலிருந்து அந்தக் கடைசி விளக்கு எவ்வளவு சிறிதாகத் தெரிகிறது என்று காண்பது வேறொன்று.

2010இல் பொதுவெளி, குன்று, தரிப்பிடம் ஆகியவற்றை உள்ளடக்கிய 17.24 ஏக்கர் நிலம் அமெரிக்காவின் வரலாற்று இடங்களின் தேசியப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. வழக்கமாக 50 ஆண்டுகள் கடந்தால்தான் அப்பதிவேட்டில் இடம் கிடைக்கும். விசேட முக்கியத்துவம் காரணமாக 40 ஆண்டிலேயே இதற்கு இடம் கிடைத்தது. விண்ணப்பத்தைத் தயாரித்தவர்கள் அப்பல்கலைக்கழகத்தின் பேராசிரியர்கள் நால்வர். அவர்களுள் 1970இல் அங்கே மாணவராக இருந்தவர்களும் அடங்குவர். 2013இல் ரெய்லர் மண்டபத்தில் விளக்கக்காட்சிக் கூடம் ஒன்று திறக்கப்பட்டது. 2016இல் அந்த நிலம் தேசிய வரலாற்றுச் சின்னம் என்ற உயர்நிலையைப் பெற்றது. காயமுற்ற ஒன்பது பேர் நின்ற இடங்களுக்கும் 2021இல் அடையாளக் கற்கள் பதிக்கப்பட்டன. 1977இல் நிலத்தை வெட்டிய அதே நிறுவனம், பின்னர் எஞ்சியதைக் காக்க முன்னின்றது. இந்த மாற்றத்துக்கு 33 ஆண்டுகள் பிடித்தன.

அகற்றப்பட்ட கம்பம்

இவ்விடத்தில் எமது தொழில் சார்ந்த ஒரு விடயத்தையும் சொல்லியாக வேண்டும். வீழ்ந்து கிடக்கும் ஜெப்ரி மில்லரின் அருகே முழந்தாளிட்டுக் கைகளை விரித்துக் கதறும் சிறுமியின் படத்தை வாசகர்கள் பார்த்திருப்பார்கள். அவள் பெயர் மேரி ஆன் வெக்கியோ. 14 வயது. படத்தை எடுத்தவர் அங்கே இதழியல் கற்ற ஜோன் பிலோ என்ற மாணவர். 1971இல் அதற்குப் புலிட்ஸர் பரிசு கிடைத்தது. மூலப்படத்தில் வெக்கியோவின் தலைக்குப் பின்னே வேலிக் கம்பம் ஒன்று நீட்டிக்கொண்டு நிற்கும். 1970களின் தொடக்கத்தில் யாரோ ஒருவர் படம் அழகாக இருக்க வேண்டும் என்று எண்ணி அக்கம்பத்தை அழித்துவிட்டார். அந்தத் திருத்திய பிரதியே 'லைஃப்' உள்ளிட்ட சஞ்சிகைகளில் பல ஆண்டுகள் கழித்தும் அச்சேறியது.

கம்பம் ஒரு சிறு விடயந்தானே என்று கேட்கலாம். அழித்தவருக்குத் தீய நோக்கம் இருந்ததாகவும் தெரியவில்லை. ஆனால் உடற்பயிற்சிக் கூடத்தைக் கட்டியவர்களுக்கும் தீய நோக்கம் இருந்ததாகச் சொல்ல முடியாது. ஒருவர் படத்தின் நேர்த்தியை நினைத்தார், மற்றவர் வளாகத்தின் வசதியை நினைத்தார். இரண்டிலும் நிலத்தின் ஒரு பகுதி காணாமற் போயிற்று.

லிஞ்ச் வீதி

கென்ட் ஸ்டேட் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் மறந்துவிடும் இன்னொரு வளாகம் உண்டு. கென்ட் சம்பவத்துக்குப் பதினொரு நாட்களின் பின்னர், 1970 மே 15ஆம் திகதி நள்ளிரவு கடந்த வேளையில், மிசிசிப்பி மாநிலத்தின் கறுப்பின மாணவர்கள் பயிலும் ஜாக்சன் ஸ்டேட் கல்லூரியில் நகரப் பொலிஸாரும் மாநில நெடுஞ்சாலைப் பொலிஸாரும் மாணவியர் விடுதியை நோக்கிச் சுட்டனர். பிலிப் கிப்ஸ், ஜேம்ஸ் ஏர்ல் கிறீன் ஆகிய இருவர் உயிரிழந்தனர். கிறீன் பாடசாலை மாணவன், வயது 17. பன்னிருவர் காயமுற்றனர். அலெக்ஸாண்டர் மண்டபம் என்ற அந்த விடுதியின் சுவரில் நூற்றுக்கணக்கான குண்டுகள் பாய்ந்தன. அதனைப் படமெடுக்கப் பிலோ போன்ற ஒருவர் அங்கே இருக்கவில்லை. அதனால் உலகமும் அதை நினைவில் வைக்கவில்லை.

அங்கே நிலத்தின் கதை நேர்மாறானது. கல்லூரியின் நடுவே லிஞ்ச் வீதி ஓடியது. உள்நாட்டுப் போருக்குப் பின்னர் கொங்கிரஸ் சபைக்குத் தெரிவான கறுப்பினத்தவரான ஜோன் றோய் லிஞ்சின் பெயர் தாங்கிய வீதி. அவ்வீதியால் காரில் செல்லும் வெள்ளையர்கள் மாணவர்களை இழிவுபடுத்திக் கத்துவதும், அதனால் கல்வீச்சு நிகழ்வதும் நெடுங்காலப் பிரச்சினை. வீதியை மூட வேண்டும் என்ற கோரிக்கை சம்பவத்துக்கு முன்பே இருந்தது. இருவரின் உயிர் போனபின்தான் அது நிறைவேறியது. வாகனப் போக்குவரத்து நிறுத்தப்பட்டு, வளாகத்தினூடாகச் சென்ற வீதி நடைபாதையாகவும் பொதுவெளியாகவும் மாற்றப்பட்டது. 'கிப்ஸ்-கிறீன் பிளாசா' என்று அதற்குப் பெயர் சூட்டப்பட்டது. விடுதிச் சுவரின் குண்டுத் தழும்புகளும் விடப்பட்டன. 2021 மே மாதம் நடந்த நிகழ்வில் ஜாக்சன் நகர மேயர் நகரத்தின் சார்பில் மன்னிப்புக் கோரினார். ஐம்பத்தொரு ஆண்டுகள் பிந்திய மன்னிப்பு.

ஜாக்சனில் செய்த மாற்றமும் நிலத்தைத் திருத்தி அமைத்ததுதான். ஆனால் அங்கே அகற்றப்பட்டது கொலைக்கு ஏதுவாயிருந்த போக்குவரத்து. தழும்பு அகற்றப்படவில்லை. கென்டில் 1977இல் தழும்பின் ஒரு பகுதி மூடப்பட்டது. வளாக நிலத்தை மாற்றுவதே தவறு என்று வாதிடுவது என் நோக்கமன்று. பல்கலைக்கழகம் அருங்காட்சியகமாக முடியாது. மாணவர்கள் அங்கே படிக்கவும் விளையாடவும் காதலிக்கவும் வேண்டும். போர்வைக் குன்றுக்கு அந்தப் பெயர் வந்ததே அதனால்தான். மாற்றத்தை முன்மொழிபவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: நாளை வரும் ஒருவர் இங்கே நின்று, என்ன நடந்தது என்பதைத் தானே அளந்து அறிய முடியுமா, முடியாதா?

தூபி எழுப்புபவர் தாம் சொல்ல விரும்பியதைத் தூபியின் வாயால் சொல்வார். தூபியை இடித்துத் திரும்பவும் கட்டலாம், எழுத்தை மாற்றலாம். வெட்டப்பட்ட சரிவைப் பழையபடி அமைப்பவர் எவருமில்லை. 1977இல் அந்தக் குன்றில் கைகோத்து அமர்ந்திருந்த 193 பேரும் அன்று தோற்றுப்போனவர்கள். ஆனால் 1999இல் நான்கு தரிப்பிடங்களுக்கு விளக்கேற்றியதும், 2010இல் 17.24 ஏக்கரைப் பதிவேட்டில் ஏற்றியதும் அவர்கள் அன்று எழுப்பிய வாதத்தின் வழியில்தான். வெற்றி மணி இன்றும் அப்பொதுவெளியில் இருக்கிறது. மே 4ஆம் திகதி வரும்போது, மாண்டவர்களுக்காக அதனை ஒலிக்கச் செய்கிறார்கள்.